திறப்பு விழாவுக்கு முந்திய இருமல்

சிவகாசிப் பக்கம் சீசன் என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆடி பிறந்தால் காலண்டர் சீசன், தீபாவளி நெருங்கினால் வெடி சீசன். லோடு லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றால் சீசன் வந்துவிட்டது என்று பொருள். அதை ஒருவர் வந்து தொடங்கி வைக்க வேண்டும், அதற்கு மேடையும் குத்துவிளக்கும் வேண்டும் என்பதெல்லாம் முகம்மது நூகுவுக்கு அந்த ஐப்பசி வரைக்கும் தெரியாது.

நூகு காலண்டர் கம்பெனிகளுக்குத் தகரப்பட்டை சப்ளை செய்பவர். காலண்டரின் தலைமாட்டில், ஆணியில் மாட்டுகிற வளையத்தோடு ஒரு பட்டை இருக்கும். காலண்டர் வாங்குகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், ராகுகாலம் பார்ப்பார்கள், பட்டையைப் பார்க்க மாட்டார்கள். நூகுவும் அப்படிப்பட்ட மனிதர்தான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தூங்கினால் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியும் எழுப்ப மாட்டார்.

தீபாவளி முடிந்த வாரம் விடாமல் மழை. மூத்தவன் ரய்யான் பள்ளிக்கூடத்திலிருந்து சளியைக் கொண்டுவந்தான். இரண்டு நாள் மூக்கை உறிஞ்சிவிட்டு அவன் விளையாடப் போய்விட்டான். அது கைக்குழந்தை மஹ்ரீனிடம் இறங்கியது. அவளுக்கு ஐந்து மாதம். முதலில் தும்மல், அப்புறம் இருமல், அப்புறம் பாலைத் தொட மாட்டேன் என்றாள். ஒரு காலையில் நூகுவின் மனைவி சித்திகா குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்து போய் வந்தது.

"இங்க பாருங்க, ஒரு மூச்சுக்குப் புள்ள எம்புட்டுப் பாடுபடுதுன்னு."

அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அது எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள், எங்கள் ஊரில் இதைவிடச் சிறப்பாக நடந்தது என்று சண்டைக்கு வரக்கூடும்.

புறநோயாளிப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் நல்ல பெண். குழந்தையின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். இது ஆர்.எஸ்.வி. என்கிற சாதாரணக் கிருமியாக இருக்கும், மழைக்காலத்தில் வருசம் தவறாமல் வரும், இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகும், பெரும்பாலோருக்கு வெறும் சளிதான். கைக்குழந்தைகளுக்கு மட்டும் நுரையீரலின் சின்னக் குழாய்கள் சளியால் அடைத்துக்கொள்ளும். இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன் வைத்து, மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்து, குழாய் வழியாகப் பால் கொடுத்துச் சில நாள் பார்த்துக்கொண்டால் தானாகத் தெளிந்துவிடும்.

நூகுவுக்கு உயிர் வந்தது. தேவைப்பட்டது காற்றும் பொறுமையும்தான். பொறுமை அவரிடம் வேண்டிய அளவு இருந்தது. காற்று அரசாங்கத்திடம் இருக்கும்.

இருக்கத்தான் செய்தது. நடைவழியின் கோடியில் புத்தம் புதிதாக ஒரு பிரிவு. கண்ணாடிக் கதவுக்கு மேல் 'பருவகால சுவாசத் தொற்று சிறப்புப் பிரிவு' என்று எழுதியிருந்தது. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், உறை பிரிக்காத மெத்தைகள், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரிலேயே ஆக்சிஜன் குழாய். வாசலின் குறுக்கே, இடுப்புயரத்தில், ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அதன் நடுவில் பூப்போல முடிச்சு.

செவிலியர் வேல்விழி அவர்களை அதற்கு எதிர்ப்புறம் இருந்த பழைய குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போனார். அங்கே கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் கிடந்தார்கள். சுவரில் குழாய் இருந்த இடத்தில் ஓட்டைகள் இருந்தன. பழைய இணைப்பைக் கழற்றித்தான் புதிய பிரிவுக்குக் கொடுத்திருந்தார்கள். மிச்சமிருந்தது சக்கரம் வைத்த ஒரே ஒரு சிலிண்டர். அதில் கவட்டையாகப் பிரித்து இரண்டு குழாய்கள். ஒன்றை மஹ்ரீனின் மூக்கில் வைத்தார் வேல்விழி. இன்னொன்று ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்த மாரித்தாய் என்பவளின் மகன் விக்னேஷ்குமாருக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாரித்தாய் வெடி ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், திரி வெட்டுகிறவள். தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைத்திருந்ததால் பிள்ளையோடு உட்கார முடிந்தது என்று அதையும் ஒரு கொடுப்பினையாகச் சொன்னாள். மற்றப் பிள்ளைகளுக்கு முறை வைத்து, இதை எடுத்து அதில் மாட்டி, அதை எடுத்து இதில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார் வேல்விழி. அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

புதிய பிரிவுக்கு எப்போது போகலாம் என்று நூகு கேட்டார். திறந்த பிறகு என்றார் வேல்விழி. எப்போது திறப்பார்கள் என்று கேட்டார். தலைமை மருத்துவரைக் கேளுங்கள் என்றார்.

தலைமை மருத்துவர் ராஜபாண்டியன் கோபக்காரர் இல்லை. நூகுவை உட்காரச் சொன்னார். தேநீர்கூட வரவழைத்தார். சிறப்புப் பிரிவின் பெருமைகளை விவரித்தார். தென் மாவட்டங்களிலேயே இப்படி ஒன்று கிடையாது என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார்.

"தொற்று இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன் பாய். தாராளமா இருக்கு. ஆனா அதப் பருவகாலத் தொற்றுன்னு சொல்றதுக்குப் பருவம் தொடங்கணும்ல? பருவத்த முறைப்படி தொடங்கி வைக்கணும், அதுக்குத் தேதி குறிச்சிருக்கு. அதுக்கு முந்தி வர்ற இருமல் எல்லாம் அவுகவுக சொந்த இருமல். சொந்த இருமலுக்கு இம்புட்டுச் செலவு பண்ணின பிரிவத் திறந்துவிட்டா, நாளைக்கு உண்மையான நோயாளி வரும்போது நான் என்ன பதில் சொல்றது?"

நூகுவுக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாளே போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டவரைப்போல் எழுந்து நின்று, விழா என்றைக்கு என்று மட்டும் கேட்டார். நாளைக்குத்தான் என்றார் தலைமை மருத்துவர். சென்னையிலிருந்து துறையின் மேலதிகாரி சிறப்பு விருந்தினராக வருகிறார், காலையில் ரிப்பன் வெட்டியதும் முதல் ஆளாக உங்கள் குழந்தையைச் சேர்த்துவிடலாம் என்று அவர் சொன்னபோது அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் பந்தல் போட்டார்கள். நாதஸ்வரக்காரர்கள்கூட வந்து சேர்ந்தார்கள். பதினோரு மணி வாக்கில் விழா தள்ளிவைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. சிறப்பு விருந்தினருக்குச் சளி பிடித்திருந்தது. அவருடைய குடும்ப மருத்துவர், இது சீசன் நேரம், கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். தலைமை மருத்துவர் இதை ஒலிபெருக்கியில் அறிவித்து, விருந்தினர் விரைவில் நலம்பெற வேண்டிக் கூட்டத்தை ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். அந்த மௌனத்தில் பழைய பிரிவின் இருமல் சத்தம் பந்தல்வரை கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

அன்று சாயங்காலம் நூகுவைத் தேடி ஆள் வந்தது. அலுவலக மேலாளர் அழகுராஜா, விழாக் குழுவின் பொறுப்பாளர். நூகு அச்சுத் தொழில் பக்கம் உள்ளவர் என்று கேள்விப்பட்டிருந்தார். விருந்தினர் இரண்டு நாளில் வந்துவிடுவார், இப்போது சிக்கல் ஃபிளெக்ஸ் பேனரில்தான் என்றார். கூட்டிப்போய்க் காட்டினார்.

பேனரில் 'பருவகால சுவாசத் தொற்றை வருக வருக என வரவேற்கிறோம்' என்று இருந்தது. 'தொற்றுப் பிரிவின் திறப்பு விழாவுக்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தொற்றை' என்று விழுந்திருந்தது. நூகு அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, ஆமாம், தப்புத்தான் என்றார். அழகுராஜா குழம்பினார். வாசகத்தில் என்ன தப்பு, வருகிறவர்களை வரவேற்பது நம்முடைய பண்பாடு என்றார். சிக்கல் வேறே. பேனரின் ஒரு பக்கம் விருந்தினர் கைகூப்பி நின்றார், மறுபக்கம் முள்முள்ளாக ஆரஞ்சு நிறத்தில் கிருமியின் படம். கிருமி, விருந்தினரைவிடப் பெரிதாக விழுந்திருந்தது. போதாததற்கு வலப்பக்கம் இருந்தது.

"கிருமியாவே இருக்கட்டும் பாய், மேடைன்னு வந்துட்டா ஒரு மரியாதை வரிசை இருக்குல்ல? அவர் பதவிக்கு இடது பக்கம் நிக்க வைக்க முடியுமா?"

நாளைக்குள் இதைச் சரிபண்ணி வாங்கிவந்தால் விழாவை முன்னாலேயே வைத்துவிடலாம் என்றார். நூகு ஒரு கணம்தான் யோசித்தார். சித்திகாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் மழையில் சிவகாசிக்குப் பேருந்து ஏறினார். தெரிந்த கம்பெனிகள் எல்லாம் காலண்டர் ஆர்டரில் மூழ்கியிருந்தன. பத்து வருசப் பழக்கத்தில் முதன்முறையாக ஒருவரிடம் குரலை உயர்த்திப் பேசி, கிருமியைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கி இடது மூலைக்குத் தள்ளி, புதிய பேனரை அடித்துச் சுருட்டிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தார். சுருளைத் தோளில் சுமந்துகொண்டு மருத்துவமனை வாசலில் நுழைந்தபோது, தன் மகளுக்காக ஏதோ ஒன்றைச் செய்துவிட்ட நிறைவு அவருக்கு இருந்தது.

பழைய பிரிவில் மாரித்தாயின் இடம் காலியாக இருந்தது.

சித்திகா நடந்ததைச் சொன்னாள். காலையில் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அடுத்த சிலிண்டர் வரும் வழியில் இருந்தது. விக்னேஷ்குமாருக்கு உதடு நீலம் பாரித்தது. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லி இளம் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஆம்புலன்ஸ் இல்லை. சுவாசத் தொற்று விழிப்புணர்வு ஊர்வலத்தில் அதுதான் முதலில் போய்க்கொண்டிருந்தது. பலூன் கட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் நடக்க, அது கடைத்தெருவைச் சுற்றி முடித்து வரும்வரை மாரித்தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். வேல்விழி கைப்பம்பை வைத்துக் காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தார். வண்டி வந்ததும் பலூன்களை அவிழ்க்க நேரமில்லாமல் அப்படியே மதுரைக்குப் போனது. வாரி அணைத்த பிள்ளையோடு மாரித்தாய் ஏறியபோது அழவில்லை என்றும், அதைப் பார்க்கத்தான் தன்னால் முடியவில்லை என்றும் சித்திகா சொன்னாள்.

புதிய சிலிண்டர் வந்திருந்தது. அதன் முள்ளும் பாதிக்குக் கீழே நின்றது.

நூகு சுருளைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பேனர் தயாராகிவிட்டது, இனிமேல் சீக்கிரம் திறந்துவிடுவார்கள் என்றார்.  சித்திகா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மூக்குக் குழாயை மெதுவாக எடுத்துவிட்டு, நடைவழியில் இறங்கி நடந்தாள். நூகு பின்னால் ஓடினார். அப்போது தலைமை மருத்துவரும் விழாக் குழுவும் ஊர்வலத்தின் வெற்றியைக் கொண்டாடும் பிரியாணியில் இருந்தார்கள். நடைவழியில் யாரும் இல்லை.

ரிப்பன் முன்னால் சித்திகா நின்றாள். முடிச்சில் கை வைத்தாள். பின்னாலிருந்து வேல்விழியின் குரல் வந்தது.

"அவுத்துராதீக. அவுத்தா திறந்ததா ஆயிரும். குனிஞ்சு போங்க."

சித்திகா குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். நூகு தயங்கினார். சுருளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவரும் குனிந்தார். வேல்விழி மெத்தையின் உறையைக் கிழித்தார், சுவரில் இருந்த திருகைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. மஹ்ரீனின் விரலில் மாட்டிய கருவியில் எண் மெல்ல ஏறியது. கொஞ்ச நேரத்தில் விலாவின் குழிவு குறையத் தொடங்கியது. சித்திகா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலத்துக்குள் பழைய பிரிவில் இருந்த பெற்றோர்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

தலைமை மருத்துவர் வந்து பார்த்தபோது ரிப்பன் பழையபடியே இருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். நூகு உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, திட்டு வாங்கத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ரிப்பன் வெட்டலயே?" என்று வேல்விழியிடம் கேட்டார் தலைமை மருத்துவர்.

"இல்ல சார்."

"அப்ப பிரிவு திறக்கல."

"இல்ல சார்."

"திறக்காத பிரிவுல நோயாளி இருக்க முடியாது."

"முடியாது சார்."

உள்ளே ஒரு குழந்தை இருமியது. தலைமை மருத்துவர் ரிப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற வேண்டுமானால் அவர்கள் உள்ளே இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், திறக்காத பிரிவை யார் திறந்தது என்று சென்னையிலிருந்து கேட்பார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உள்ளே யாரும் இல்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு அந்தப் பிரிவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இளம் மருத்துவர் காலையும் மாலையும் குனிந்து வந்து பார்த்தார். பால் குனிந்து வந்தது. துப்புரவுப் பெண் வாளியை முதலில் தள்ளிவிட்டுப் பின்னால் குனிந்து வந்தார். நடுவில் ஒருமுறை தலைமை மருத்துவரே வரவேண்டியிருந்தது. விருந்தினர் நிற்கும் இடத்துக்கு நேரே மின்விசிறி இருக்கிறதா என்று பார்க்க அவர் சிரமப்பட்டுக் குனிந்து வந்து, எந்தக் கட்டிலையும் பார்க்காமல் விட்டத்தையே பார்த்து நடந்தார். மஹ்ரீனின் கட்டிலில் முழங்கால் இடித்துக்கொண்டபோது, பழக்கதோஷத்தில் மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டவர்போல வேகமாகப் போனார்.

விருந்தினரின் சளி இருமலாகி, இருமல் தெளிவதற்குள் அந்த வாரம் போயிற்று. இங்கே பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தெளிந்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள். மஹ்ரீன் குழாயைப் பிடுங்கினாள், தாயின் மார்பைத் தேடினாள். கடைசியாக மிஞ்சியது அவள்தான். விழாவன்று காலையில் இளம் மருத்துவர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, கூட்டிப்போகலாம் என்று சிரித்தார்.

துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அழகுராஜா மூச்சிரைக்க வந்தார். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார். விருந்தினர் பார்வையிட ஒரு முதல் நோயாளி தேவை. நோயுள்ள குழந்தை என்றால் இருமும், விருந்தினருக்கு இப்போதுதான் குணமாகியிருக்கிறது. அதனால் தன் தங்கை மகனை, நல்ல கொழுகொழுவென்ற பிள்ளையை, இரண்டு நாளாகக் கூட்டிவந்து ஒத்திகை பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்று காலை சளி பிடித்துவிட்டது.

"உங்க புள்ளைக்குத்தான் சரியாப் போச்சே தங்கச்சி. அரை மணி நேரம் அதே கட்டில்ல படுக்கப் போட்டீகன்னா போதும். மொத நோயாளின்னு பேப்பர்ல போட்டோ வரும். மூக்குல சும்மா ஒரு குழாய் வச்சுக்கிருவோம்."

நூகு சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். மற்றவர் கேட்டதை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. சித்திகா குழந்தையின் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"அவளுக்கு மூச்சு முட்டுறப்ப நீங்க யாரும் அவளப் பாக்கல. இப்ப ஒங்களுக்காக அவ முட்டிக் காமிக்க மாட்டா. வழிய விடுங்க."

அழகுராஜா வழிவிட்டார். அவர்கள் கடைசி முறையாகக் குனிந்து வெளியே வந்தார்கள்.

ஆனால் மருத்துவமனையைவிட்டுப் போக முடியவில்லை. விருந்தினரின் கார் வந்துகொண்டிருந்ததால் வெளிவாசலை அடைத்து வைத்திருந்தார்கள். இருவரும் சுவரோரம் வேப்பமர நிழலில் குழந்தையோடு நின்றார்கள். கார்கள் வந்தன. மேளம் அடித்தது. சிறிது நேரத்தில் ரிப்பன் வெட்டியதற்கான கைதட்டல் கேட்டது. முதல் நோயாளியின் இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பொம்மையைப் படுக்க வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்ததாகவும், விருந்தினர் அதன் கன்னத்தைத் தட்டி, நன்றாக ஒத்துழைக்கிறது என்று பாராட்டியதாகவும் பிற்பாடு வேல்விழி சொன்னார்.

ஒலிபெருக்கியில் விருந்தினரின் குரல் வந்தது. அவர் இன்னும் கொஞ்சம் கரகரப்பாகவே பேசினார்.

"சுவாசத் தொற்றுப் பருவத்தை இந்த நன்னாளில் தொடங்கி வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். இங்கே நான் கண்ணால் கண்டது என்ன? கட்டில்கள் காலியாக இருக்கின்றன. பருவம் தொடங்கிய முதல் நாளே நோயாளிகளே இல்லாத நிலையை இந்த மருத்துவமனை எட்டியிருக்கிறது. நோய் வந்தபின் ஓடுவது பழைய முறை. நோய் போனபின் வருவதுதான் எங்கள் புதிய அணுகுமுறை."

எழுதிக் கொடுத்தவர் 'நோய் வருமுன் வருவதுதான்' என்று எழுதியிருந்தாராம். விருந்தினர் இருமலுக்கு நடுவில் மாற்றிப் படித்துவிட்டார். யாரும் திருத்தவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது.

பேச்சு முடிவதற்கு முன்பே வெளிவாசலில் ஒரு சின்னச் சச்சரவு. மதுரைப் பேருந்திலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணைக் காவலாளி உள்ளே விடவில்லை. சித்திகா எட்டிப் பார்த்தாள். மாரித்தாய். இடுப்பில் விக்னேஷ்குமார் இருந்தான். மெலிந்து, கண்கள் பெரிதாகி, ஆனால் விரலைச் சூப்பிக்கொண்டு நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தான். மதுரையில் தப்பித்துவிட்டான், ஒரு வாரம் வைத்திருந்து, இனி உள்ளூரில் காட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள் என்று கம்பிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பேசிக்கொண்டார்கள். சித்திகா கம்பி வழியாகக் கையை நீட்டிப் பிள்ளையின் காலைத் தொட்டாள். இரண்டு பேருமே அழுதார்கள்.

உள்ளே மறுபடி கைதட்டினார்கள். மாரித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலை எட்டிப் பார்த்தாள். என்ன விசேஷம் என்று நூகுவிடம் கேட்டாள்.

 நூகு மிகவும் களைத்திருந்தார்.

"இருமல் சீசன் இன்னிக்குத்தான் தொடங்குதாம்" என்றார்.

 மாரித்தாய் பிள்ளையின் முகத்தை முந்தானையால் இறுக மூடினாள்.

"ஆத்தாடி, இனிமேத்தானா?"

காவலாளி கதவைத் திறப்பதற்குள் அவள் ரோட்டைக் கடந்து, ஏழாயிரம்பண்ணைப் பேருந்து நிற்கிற பக்கத்துக்குப் போய்விட்டாள்.